லிஃப்ட்டக்கா துக்கம் விசாரித்த விதம்

லிஃப்ட்டக்கா வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் மூச்சு விடுவதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். இதைச் சொல்வது அவளுடைய வீட்டுக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகள் போடுகிற கூச்சலைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தாலாவது காதுக்கு ஓய்வு கிடைக்கும் என்று பார்த்தால், இங்கே ஒற்றை ஆள் ஒரு வேன் சத்தம் போட்டுக்கொண்டிருப்பாள். பாவம்தான் அவர். ஆனால் அந்த வாய்க்குத்தான் ஒரு கம்பெனி சம்பளம் கொடுக்கிறது, அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம்.

வேலை இதுதான். லிஃப்ட்டுக்குள் மணிப் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும், பார்த்திருப்பீர்கள். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் மேலே சல்லடை மாதிரி இருக்கிற துளைகளிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரல்தான் அக்கா. லிஃப்ட் இருப்பது ஒரு நாடு, குரல் இருப்பது இன்னொரு நாடு, நடுவில் பெரிய சமுத்திரம். உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு இதெல்லாம் தெரியாது. கீழே காவல்காரர் அறையிலிருந்து யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொள்ளட்டும், யாருக்கு என்ன நஷ்டம்.

கம்பெனி ஒரு பழைய கட்டடத்தின் மேல் மாடியில் இருந்தது. வரிசை வரிசையாக மேஜை, மேஜைக்கு மேஜை தடுப்பு அட்டை, ஆளுக்கொரு ஹெட்ஃபோன். வரிசைக்கு ஒரு நாடு. அக்காவின் வரிசைக்கு வாய்த்த நாட்டின் பாஷையைக் கம்பெனியே ஆள் வைத்துச் சொல்லிக் கொடுத்தது. சொல்லிக் கொடுத்ததெல்லாம் 'உதவி வந்துகொண்டிருக்கிறது', 'கதவைத் தள்ள வேண்டாம்' என்ற அளவுக்குத்தான். மீதியை அக்கா மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பேசியே பிடித்துக்கொண்டாள். இலக்கணம் தடுமாறும், வேகத்துக்குக் குறைச்சல் இல்லை.

இன்னொன்றைச் சொல்லாவிட்டால் அவள் தெருக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். லிஃப்ட்டக்கா லிஃப்ட்டில் ஏற மாட்டாள். மேல் மாடி வரைக்கும் படிதான், மூச்சு வாங்கிக்கொண்டு, நின்று நின்று. ஏன் என்று கேட்டால், "மாட்டிக்கிட்டா நானே பொத்தானை அமுக்கி, நானே போனை எடுத்து, நானே எனக்கு ஆறுதல் சொல்லிக்கணுமா?" என்பாள்.

தொழிலில் கெட்டிக்காரி. மாட்டிக்கொண்டவரிடம் 'பயப்படாதீங்க' என்று அவள் சொல்லவே மாட்டாள். சொன்னால் அதுவரை பயப்படாதவரும், ஓஹோ, பயப்பட வேண்டிய விஷயம் போலிருக்கிறதே என்று ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பதில், கையில் என்ன பை, கடைக்குப் போய்விட்டு வருகிறீர்களா, என்ன வாங்கினீர்கள், அடப்பாவமே அந்த விலைக்கா வாங்கினீர்கள் என்று போவாள். விலையைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்த மனுஷனுக்கு மூச்சு முட்டாது. நடுநடுவே, மெக்கானிக் கிளம்பிவிட்டார், கொஞ்ச நேரத்தில் கதவு திறந்துவிடும் என்று சொல்லி வைப்பாள். அது பொய்யும் இல்லை. அவள் பேசின எந்த லிஃப்ட்டிலும் கதவு திறக்காமல் போனதில்லை.

இப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சாவு வீட்டில். வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்த்ததுமே அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. எல்லாரும் எதையோ சொல்லி அழுகிறார்களே, நாம் என்ன சொல்வது, எது திறக்கப்போகிறது என்று சொல்வது? நேராகச் சமையலறைக்குள் புகுந்துகொண்டு பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். சொந்த மாமியார் போனபோதும் அதே கதைதான். தேய்த்து வைத்திருந்த பாத்திரங்களையும் எடுத்துப் போட்டு மறுபடி தேய்த்தாள். நாத்தனார் இன்றைக்கும் அதை விடவில்லை. "எங்கம்மா சாவுக்கு அண்ணி கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை, குண்டானெல்லாம் மட்டும் பளபளன்னு இருந்துச்சு" என்று விசேஷ வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள், ஆனால் உள்ளுக்குள் குத்தும்.

இனி வாளியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாட்டின் தலைநகரத்தில் ஒரு பெரிய அடுக்குமாடி. அங்கே லிஃப்ட்டைத் துடைத்துப் பெருக்க வருகிற அம்மாள். அங்கே விடிந்து ஜனங்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரம் இங்கே மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகுகிற நேரம். அந்த நேரத்துக்கு டாண் என்று அவள் லிஃப்ட்டிலிருந்து மணி அடிக்கும். ஆபத்து ஒன்றும் இல்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் எட்ட வேண்டும் என்று அந்தப் பொத்தானைத் தாழ வைத்திருந்தார்கள். அம்மாள் வாளியைத் தூக்கி உள்ளே வைக்கும்போதெல்லாம் வாளியின் விளிம்பு நேராகப் போய் அதில் இடிக்கும்.

முதல் தடவை கூரையிலிருந்து குரல் வந்ததும் அம்மாள் அலறிவிட்டாள். அப்புறம் ரொம்ப நாள் வரைக்கும் மன்னிப்பு. அப்புறம், "நான்தான்." அப்புறம் அதுவும் இல்லை, வாளி இடித்த சத்தம் அடங்குவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிடும். பேர் சொல்லக்கூடாது என்பது கம்பெனியின் கட்டளை. அதனால் இவள் அவளுக்கு 'வாளியம்மா', அவள் இவளுக்கு 'கூரைக்காரி'. தரையும் கண்ணாடியும் துடைத்து முடிகிற வரைக்கும்தான் பேச்சு. பேச்சுக்கு விஷயமா இல்லை, இரண்டு பேருக்கும்தான் புருஷன் இருக்கிறாரே.

வாளியம்மாவின் வீட்டுக்காரர் ரேடியோ, கடிகாரம் என்று பழசுகளைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்க்கிறவர். பிரித்ததைத் திரும்ப மாட்டுவது என்னவோ அபூர்வம்தான். சாப்பாட்டு மேஜை மேல் எப்போதும் திருகாணிகள் உருண்டுகொண்டிருக்கும். அவள் அறைக்குள் இருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார், கரண்டு மிச்சமாம். வாயைத் திறந்தால் திட்டு. இதையெல்லாம் சொல்லி அவள் திட்டுவாள், பதிலுக்கு அக்கா தன் வீட்டுக்காரர் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடுவதைச் சொல்லித் திட்டுவாள். அந்தப் பாஷையில் கம்பெனி சொல்லிக் கொடுக்காத வார்த்தைகளெல்லாம் அக்காவுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன. அவள் வரிசைக்கு சூப்பர்வைசராக இருந்த தம்பி நல்ல பிள்ளை. தினமும் வீண் மணி அடிக்கிறதே, பொத்தானுக்கு ஒரு மூடி போடச் சொல்லலாமா என்று ஒருமுறை கேட்டான். வேண்டாம் தம்பி, பாவம், வயசான லிஃப்ட் என்று அக்கா சம்பந்தமே இல்லாமல் ஒரு காரணம் சொன்னாள். அவனும் புரிந்துகொண்டு போய்விட்டான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த நாட்டில் அது நடந்தது. தலைநகரத்தின் நடுவே ஓடுகிற ஆற்றுப் பாலம் காலை நேரத்தில் இடிந்து விழுந்தது. மேலே ரயில் போய்க்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிற கூட்டம், நிற்க இடமில்லாத கூட்டம். அத்தனை பெட்டியும் ஆற்றுக்குள்.

சூப்பர்வைசர் தம்பி செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேயறைந்த மாதிரி வந்து நின்றான். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். வாளியம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள். தினமும் ரயிலில்தான் ஆற்றைத் தாண்டி வருவாள், ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா இல்லையா என்பது அவள் சொல்கிற முதல் சமாச்சாரங்களில் ஒன்று. அன்றைக்கு அவள் மணி இன்னும் அடிக்கவில்லை. வழக்கமான நேரம் தாண்டிப் போயிருந்தது. அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றாமல் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். மணி அடிக்கவே இல்லை.

மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நாடு முழுக்கத் துக்கம் என்று அறிவித்துவிட்டார்கள். இறந்துபோனவர்களின் படத்தையும் பேரையும் செய்தியில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அக்கா டிவி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்து என்ன பிரயோஜனம்? வாளியம்மாவின் பேரும் தெரியாது, முகமும் தெரியாது. நரைத்த தலையோடு எந்தப் பெண்பிள்ளை படம் வந்தாலும் இவளாக இருக்குமோ, இவளாக இருக்குமோ என்று எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவளிடம் இருந்தது ஒரு குரலும் வாளிச் சத்தமும்தான்.

வீட்டுக்காரர் அன்றைக்கும் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டார். அக்கா ஒன்றும் சொல்லாமல் எடுத்து உலர்த்திவிட்டு வந்தாள். அவருக்குத் தூக்கி வாரிப் போட்டது. உடம்பு சரியில்லையா, டாக்டரிடம் போகலாமா என்று பின்னாலேயே வந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர், அந்த லிஃப்ட்டுக்கு நீயே போன் போட்டுக் கேட்டுவிடேன் என்றார்.

போடலாம்தான். இங்கிருந்து எண்ணை அமுக்கினால் லிஃப்ட் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் அவர்கள் கூப்பிடாமல் நாம் கூப்பிடக்கூடாது என்பது கம்பெனி விதி. சும்மா போகிறவர்கள் தலைக்கு மேல் திடீரென்று குரல் கேட்டால் நெஞ்சு வெடித்துவிடாதா? ஆனால் அக்காவைத் தடுத்தது விதி இல்லை. அதை அவரிடம் மறைக்கவும் இல்லை.

"கேட்டு, அவங்க இருந்தாங்கன்னா, ஊரே செத்துக் கிடக்கும்போது நான் என்னங்க சொல்லுவேன்? இல்லைன்னு சொல்லிட்டா, அதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்லி அழுவேன்?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதற்கிடையில் கம்பெனியின் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அந்த நாட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் இரங்கல் தெரிவித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். நல்ல எண்ணம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. அந்தப் பாஷை கைவந்தவள் அக்காதான் என்பதால் வாசகத்தை எழுதித் தரச் சொல்லி சூப்பர்வைசர் தம்பி அவளிடமே வந்தான். அக்காவுக்கு அப்பாடா என்று இருந்தது. தானாகச் சொல்ல வேண்டுமென்றால்தானே நாக்கு ஒட்டிக்கொள்கிறது, எழுதி வைத்துப் படிப்பதில் என்ன கஷ்டம்? உட்கார்ந்து உருகி உருகி எழுதினாள். உங்களுக்கு நேர்ந்ததற்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல், இந்தக் கொடிய நேரத்தில் நாங்கள் உங்களோடு இருக்கிறோம், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். தம்பி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லார் மேஜையிலும் ஒட்டினார்கள். வரிசையே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பழகியது. அத்தனை பேரில் ஒருத்தருக்காவது ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றியதா? இல்லை.

முதல் மணி அக்காவுக்கே அடித்தது. வேறொரு கட்டடம். யாரோ ஒருவர் தனியாக மாட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுவிட்டது என்றார். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். ஆழ்ந்த இரங்கல். கொடிய நேரம். மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு சின்னக் குரல் கேட்டது.

"கயிறு அறுந்துடுச்சா?"

அக்காவுக்குப் புரியவில்லை. என்ன கயிறு என்று கேட்பதற்குள் அந்த மனுஷர் ஆரம்பித்துவிட்டார். தன் மனைவியிடம் சொல்லிவிட வேண்டுமாம், போன வாரம் உடைந்த பூச்சாடியைப் பூனை உடைக்கவில்லையாம், உடைத்தது தான்தானாம். மன்னிக்கச் சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள். கயிறெல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறது ஐயா, மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறார், நான் சொன்னது பாலத்தை, பாலத்தை, பாலத்தை என்று கத்தினாள்.

அவர் பெருமூச்சு விட்டது சமுத்திரம் தாண்டிக் கேட்டது. போன உயிர் வந்துவிட்டது. வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். பொங்கிப் பொங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தார் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. பாலம் விழுந்ததிலிருந்து தான் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை என்றார். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார். சொல்லக்கூடாதுதான், அக்கா சொல்லிவிட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்தா என்றார். அவ்வளவு தூரத்தில் இருப்பவர்களுக்கும் தெரியுமா என்று இன்னொரு தடவை கேட்டார். கதவு திறந்தது, நன்றி சொல்லிவிட்டுப் போனார். பூச்சாடி விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த வாசகத்தை அன்றைக்கே கிழித்துவிட்டார்கள். வரிசை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எழுதினது இவள், சரி என்று தலையாட்டினது தம்பி, இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. ஆனால் அந்த மனுஷர் கேட்ட கேள்வி அக்காவின் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. உளறிக் கொட்டினாலும் அவருக்கு அது வேண்டியிருந்ததே. மறுநாள் மதியம் வழக்கமான நேரம் தாண்டினதும் அவள் தம்பியைக் கூப்பிட்டு, ஒரே ஒரு தடவை அந்த லிஃப்ட்டுக்கு நானாகப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். அவன் அவளைப் பார்த்தான். அப்புறம், "நான் டீ குடிக்கப் போறேன்க்கா, திரும்பி வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

லிஃப்ட் எடுத்தது. மோட்டார் இரைச்சல், செருப்பு உரசுகிற சத்தம், ஒரு பெரியவரின் இருமல். அக்கா பதற்றத்தில், இத்தனை வருஷத்தில் சொல்லாததைச் சொன்னாள்: பயப்படாதீங்க. பெரியவர் பயந்துபோய், யாரு, யாரு என்றார். விவரம் சொல்லி, இங்கே துடைக்க வருகிற அம்மாள் வருகிறார்களா என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் சுற்றுமுற்றும் பார்த்திருப்பார் போல. கண்ணாடி முழுக்கக் கை அழுக்காக இருக்கிறது, தரையும் சுத்தமில்லை, பாலம் விழுந்ததிலிருந்து வரவில்லை என்று நினைக்கிறேன் என்றார். அவர்கள் பேர் என்ன என்று அக்கா கேட்டாள். இங்கேதான் ரொம்ப வருஷமாக இருக்கிறேன், தினமும் வணக்கம் சொல்வேன், பேர் தெரியவில்லையே அம்மா என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். காவல்காரரிடம் கேட்டு வைப்பதாகவும், கூரையிலிருந்து ஒரு குரல் விசாரித்ததை அந்த அம்மாளிடம் சொல்லச் சொல்வதாகவும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் எல்லார் டீக் கோப்பைகளையும் கழுவினாள்.

துக்க நாட்கள் முடிந்த பிறகு ஒரு மதியம் அந்த மணி அடித்தது.

திரையில் அந்தக் கட்டடத்தின் எண். அக்கா எடுத்து, "சொல்லுங்க" என்றாள். வாளிச் சத்தம் இல்லை. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு, "கூரைக்காரி" என்றது அந்தக் குரல்.

அக்கா தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டாள். உயிரோடு இருக்கிறீர்களா, அம்மா, உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டபடியே அழுதாள். பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"நான் இருக்கேன்" என்றாள் வாளியம்மா.

அவள் அந்த 'நான்' என்பதைச் சொன்ன விதத்திலேயே அக்காவுக்கு விளங்கிவிட்டது. மெதுவாக உட்கார்ந்தாள். வாளியம்மா அழாமல், செய்தி வாசிப்பது போலச் சொன்னாள். அன்றைக்கு அவள் முந்தின ரயிலில் வந்து சேர்ந்துவிட்டாள். வாளியில் தண்ணீர் பிடிக்கும்போதுதான் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கொண்டுவரச் சொன்னாள். அவர் அடுத்த ரயிலைப் பிடித்தார். அவள் கட்டடத்து வாசலில் நின்று அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி இல்லாமலே துடைச்சிருக்கலாம்" என்றாள். "தரை எங்க போயிடப் போகுது."

அக்காவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உங்கள் தப்பு இல்லை என்று சொல்லலாம். அதைத்தான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். திரையில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்பதாகக் காட்டியது. மெக்கானிக்கை அனுப்ப வேண்டும் என்று சிவப்பில் எழுத்து மின்னியது. வாளியம்மாவே சொன்னாள், தன்னிடம் இருக்கிற சாவியைப் போட்டுத் தான்தான் நிறுத்தியிருப்பதாக. ஆளை அனுப்பிக் கதவைத் திறந்துவிடாதே, கூரைக்காரி, கொஞ்ச நேரம் இப்படியே நிற்கட்டும் என்றாள். அக்கா தலையைத் திருப்பினாள். சூப்பர்வைசர் தம்பி பின்னால்தான் நின்றிருந்தான். குனிந்து அந்தச் சிவப்பு எழுத்தை அணைத்தான். அக்காவுக்கு வரவேண்டிய மற்ற மணிகளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தடுப்பு அட்டைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான்.

"வீடு பூரா ஜனம்" என்றாள் வாளியம்மா. "அவரைத் தங்கமான மனுஷன்ங்கறாங்க. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்லையாம். பக்கத்து வீட்டுக்காரி தெய்வம்ங்கறா. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வந்து பூ வச்சுட்டுப் போறாங்க. நானும் தலையாட்டிக்கிட்டே இருக்கேன். அவங்க சொல்ற அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியலை. ஆத்துலதான் அவரைத் தொலைச்சேன்னா, இவங்க பேச்சுல இப்ப வீட்டுக்குள்ளயும் தொலைச்சுட்டேன்."

அக்கா பேச வாயெடுத்தாள், வரவில்லை. மறுபடி வாயெடுத்தாள். கழுவுவதற்குக் கோப்பை எதுவும் கையில் இல்லை, எழுந்து ஓட முடியாது, லைனில் ஆள் இருக்கிறது. என்ன சொன்னாலும் தப்பாகிவிடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் மனசில் நிஜமாகவே இருந்ததைக் கேட்டாள்.

"கண்ணாடியை எடுத்துட்டு வாங்கன்னதும் என்ன சொன்னாரு?"

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"என்ன சொல்லுவாரு" என்றாள் வாளியம்மா. "உன் தலையையும் ஒருநாள் கழட்டி வச்சுட்டுப் போ, அதையும் நான்தான் தூக்கிக்கிட்டு வரணும்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவோட விடுவாரா? கண்ணாடி எங்கன்னு கேட்டாரு. மேஜை மேலன்னேன். மேஜை மேல என் திருகாணியெல்லாம் யாரு கலைச்சதுன்னு அதுக்கொரு கத்தல்."

அக்காவுக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. செத்துப்போன மனுஷரை, பார்த்தே இராத மனுஷரை, துக்கம் விசாரிக்கிற வாயால் திட்டினாள். கட்டின பொண்டாட்டிக்கு ஒரு கண்ணாடி எடுத்துக் கொடுக்க இவ்வளவு அலட்டலா, அந்தச் சிடுமூஞ்சிக் கிழவன் வாயில் ஒரு நாளாவது ஒரு நல்ல வார்த்தை வந்திருக்குமா என்றாள். அவர்கள் பாஷையில் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன், அசலில் இதைவிடக் காரம். அந்தப் பாஷை தெரிந்த வரிசை முழுக்க அப்படியே உறைந்துபோனது. பக்கத்து மேஜைக்காரி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் எழுந்தது. சிரிப்பு மாதிரிதான் ஆரம்பித்தது. அப்புறம் அந்தச் சின்ன இரும்புப் பெட்டிக்குள் வாளியம்மா பெருங்குரலெடுத்து அழுதாள். வீட்டில், அத்தனை பேர் நடுவில், பூக்களுக்கு முன்னால் வராத அழுகை. அக்காவும் அழுதாள். சொல்லி அழ ஒன்றும் இல்லை, சும்மா அழுதாள். நடுநடுவே, இருக்கியா என்று அவள் கேட்பதும், இருக்கேன் என்று இவள் சொல்வதும் மட்டும் நடந்தது.

"வந்ததே இல்லை" என்றாள் வாளியம்மா கடைசியில். "ஒரு நல்ல வார்த்தைகூட வந்ததே இல்லை. ஆனா, நான் பேசிக்கிட்டிருக்கும்போதே, திட்டிக்கிட்டே சட்டையை மாட்டுறது போன்ல கேட்டுச்சு கூரைக்காரி. நான் போனை வைக்கக்கூட இல்லை, அதுக்குள்ள கதவைச் சாத்திட்டுக் கிளம்பிட்டாரு."

தடுப்பு அட்டைக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் தம்பி யாரோ ஒருவரிடம், உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று தப்பும் தவறுமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வாளியம்மா மூக்கை உறிஞ்சினாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது, ஆனால் அது பழைய வாளியம்மாவின் குரல்.

"இன்னும் கொஞ்சம் திட்டு" என்றாள். "இங்க அவரைத் திட்ட இனிமே யாருமே இல்லை."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாக உட்கார்ந்து, திட்டினாள்.